பெரியம்மாவுக்கு முந்தின நாளே பேப்பர்

போன வாரம் பிரவீணா போன் செய்தாள். டிவி தொடர்களுக்கு வசனம் எழுதும் பெண். என்னிடம் உதவியாளராகச் சேர்ந்து, என்னைவிட வேகமாக எழுதக் கற்றுக்கொண்டு, இப்போது இரண்டு தொடர்களைத் தனியாகச் சுமக்கிறாள்.

"சார், ஒரு சீன் எழுத உக்காந்தேன், ஒரு வரி வரமாட்டேங்குது. உங்களுக்கு பிளாக் வந்திருக்கா சார்? வந்தா என்ன பண்ணுவீங்க?"

"டீ குடிப்பேன்" என்றேன்.

"சீரியஸா கேக்கறேன் சார்."

"சீரியஸாதான் குடிப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய சேனலில் முதல் பிரதியை இப்போது கம்ப்யூட்டரே எழுதித் தருகிறதாம். அதைத் திருத்திக் கொடுத்தால் போதுமாம். அதுக்கு பிளாக் வரலியே, உனக்கு மட்டும் ஏன் வருது என்று ஒரு புண்ணியவான் கேட்டுவிட்டாராம். அதற்கு மாமியாரும் கிடையாது, மூட்டுவலியும் கிடையாது, எப்படி வரும் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. டீ என்று சொன்னது பொய் இல்லை என்றாலும், அது முழு உண்மையும் இல்லை. போனில் சொல்ல முடியாத அளவுக்கு நீளமான விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை சின்னது. குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் அங்கே நாடகம் போடுவார்கள். நான் எழுதுவேன், மேனேஜர் கதாநாயகனாக நடிப்பார், நாங்கள் கைதட்டுவோம். அந்த மேனேஜரின் மச்சான் டிவியில் இருந்தார். அவர் மூலமாக ஒரு பெரிய வசனகர்த்தாவிடம் சேர்ந்து சில வருஷம் அவர் எழுதியதைப் படி எடுத்தேன். ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது நானே ஒரு சீன் எழுதி வைத்தேன். எழுந்து படித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டார். எனக்குக் கிடைத்த பட்டம் அவ்வளவுதான்.

தினத்தொடருக்கு வசனம் எழுதுவதைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. மொத்தக் கதையையும் எழுதி, பைண்டு செய்து, மஞ்சள் குங்குமம் வைத்துக் கொண்டுபோகிறோம் என்று நினைக்கிறார்கள். காலையில் எழுதினால் மத்தியானம் எடுப்பார்கள், அதுதான் எங்கள் லட்சணம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாரா வாரம் சேனலுக்கு ஒரு கணக்கு வரும். கணக்கு இறங்கினால் கதை திரும்பும். நேற்றுவரை உத்தமனாக இருந்தவன் இன்றைக்கு வில்லனாகிவிடுவான். அதனால் முன்கூட்டி எழுதி வைத்தவன் முட்டாள். கோடு போடாத தாளில் இடது பக்கம் யார் எங்கே நிற்கிறார்கள், கையில் என்ன வேலை என்பதை எழுதுவேன். வலது பக்கம் வசனம். ஒரு தாள் முடிந்ததும் உதவி இயக்குநர் ஒருவர் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்.

அதை நடிகர்கள் மனப்பாடம் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். அதற்கு நேரம் ஏது? கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு வரி வரியாக வாசிப்பார். அதைக் கேட்டு நடிகர்கள் உணர்ச்சியோடு திருப்பிச் சொல்லுவார்கள். இதற்கு பிராம்ப்ட் என்று பெயர். வாசிக்கிறவரின் குரல் பிறகு டப்பிங்கில் போய்விடும். எங்கள் செட்டில் பிராம்ப்ட் கொடுத்த பையன் கல்யாணத்தையும் கருமாதியையும் ஒரே குரலில், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வாசிப்பான். அதைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெரிய மாடி வீடுதான் எங்கள் ஷூட்டிங் ஹவுஸ். கீழே கூட்டுக்குடும்பம், மேலே ஒரு சின்ன அறையில் நான். பழைய திரைச்சீலை, கால் உடைந்த சோபா, தொடரில் செத்துப்போனவர்களின் மாலை போட்ட போட்டோக்கள், இவற்றோடு என்னையும் போட்டு வைத்திருந்தார்கள். பேனா கொஞ்சம் நின்றால் போதும், கீழேயிருந்து புரொடக்ஷன் மேனேஜர் குணா போன் போடுவான்.

"இன்னா ரைட்டர் சார், பேப்பர் வர்ல? ஆர்ட்டிஸ்ட்டுங்க அல்லாரும் மேக்கப் போட்டுகினு குந்திகினு கீறாங்க. லைட்டு எரிஞ்சிகினே கீது சார். பேஜாரா போச்சு எனக்கு."

குணா நல்லவன். ஆனால் அவன் குரலைக் கேட்டால் வருகிற வரியும் வந்த வழியே திரும்பிவிடும்.

இயக்குநர் தேவசகாயம் சார் அப்படி இல்லை. மேற்குத் தாம்பரத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போகாமல் ஷூட்டிங் வைக்க மாட்டார் என்பதைத் தவிர வேறு எந்தப் பிடிவாதமும் இல்லாத மனிதர். பேப்பர் தாமதமானால் போன் செய்ய மாட்டார். கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு தானே மாடியேறி வருவார். உடைந்த சோபாவில் பார்த்து உட்காருவார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். மூச்சு அடங்கிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"யாரு பேச மாட்டேங்கறாங்க, ரைட்டரே?"

முதல் தடவை கேட்டபோது கிண்டல் செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. எழுத வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்கலாம், எப்போது முடியும் என்று கேட்கலாம். இது என்ன கேள்வி? ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். வீட்டை விட்டுப் போன மருமகனும் மாமனாரும் சந்திக்கிற சீன் அது. மாமனாருக்கு வரிகள் கொட்டின. மருமகன்தான் வாயைத் திறக்கவில்லை.

"மாப்பிள்ளை சார்."

"அவனுக்குப் பேசப் பிடிக்கல போல. விடுங்க. கையில ஒரு வேலையக் குடுங்க."

மாமனார் வீட்டு டேபிள் ஃபேன் ஓடாமல் கிடக்கிறது என்று வைத்தேன். மருமகன் அதைப் பிரித்து உட்கார்ந்தான். ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று மாமனாரைக் கேட்டான். அங்கே பிடித்துக்கொண்டது சீன். எதிரெதிரே நின்று பேச முடியாத இரண்டு ஆண்பிள்ளைகள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தக் கேள்வி என்னைக் கரையேற்றியது. எழுத்து வராதபோது நாம் மொத்தமாக ஊமையாகிவிட்டதாக நினைக்கிறோம். நிஜத்தில் யாரோ ஒருத்தர்தான் முரண்டு பிடிக்கிறார், அவரைக் கண்டுபிடித்தால் போதும் என்பது தேவசகாயம் சாரின் கட்சி.

அந்தக் கேள்விக்கும் மசியாத ஒரு சமயம் வந்தது. அது தனபாக்கியம் அம்மாவால் வந்தது.

எங்கள் தொடரில் அந்த வீட்டுப் பெரியம்மாவாக நடித்தவர் தனபாக்கியம் அம்மா. நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர். எழுபதைத் தாண்டிய வயது, நரைத்த விக், வெற்றிலைச் சிவப்பு உதடு. அவர் வாசலில் வந்து நின்றாலே மருமகளாக நடிக்கிற பெண்கள் நிஜமாகவே புடவையைச் சரி செய்துகொள்வார்கள். என் வரிகளை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர்தான். சுமாரான வரி என்றால் சொல்லிவிட்டு மாடியைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார், அடுத்த சீனை நான் ஒழுங்காக எழுதுவேன்.

அந்த அம்மா திடீரென்று தடுமாற ஆரம்பித்தார். பிராம்ப்ட் பையன் வாசிப்பான், இவர் சும்மா நிற்பார். சில சமயம் பாதி வரி சொல்லி நிறுத்துவார். "இன்னொரு தபா சொல்லுப்பா, ஜெனரேட்டர் சத்தம்" என்பார். ஜெனரேட்டர் தெருக்கோடியில் இருந்தது. பையன் நேர் எதிரே நின்றால் சரியாகச் சொல்லுவார், லைட்டுக்குப் பின்னால் போனால் மாட்டிக்கொள்வார். டேக் மேல் டேக் போனது. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று செட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சேனல் மீட்டிங்கில் ஒரு நாள் தீர்ப்பு வந்தது. "பெரியம்மாவுக்கு மாலை போட்டுடலாம்." எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம். போட்டோ மாட்டி மாலை போட்டு அந்தப் பாத்திரத்தை முடித்துவிடுவது. ஒரு சாவு சீன், ஒரு காரியம், கதை இரண்டு வாரத்துக்கு ஓடும் என்றார்கள். குணா எனக்கு ஆறுதல் சொன்னான். "இன்னா சார் பண்றது, அந்தம்மா ஒரு சீனுக்கு அரை நாள் துண்றாங்க. வயசாய்டுச்சு, வூட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்."

எழுத உட்கார்ந்தேன். நான் சாவு சீன் எழுதாதவன் இல்லை. என் தலைமாட்டில் மாட்டியிருந்த அத்தனை போட்டோவும் என் கைவண்ணம். ஆனால் அன்றைக்கு எழுதியதெல்லாம் கல்வெட்டாக வந்தது. "பிறப்பும் இறப்பும்" என்று ஒரு வரி ஆரம்பித்தது, எனக்கே சிரிப்பு வந்தது, கிழித்தேன். குடும்பம் ஒரு ஆலமரம் என்றது அடுத்த வரி, அதையும் கிழித்தேன். தாம்பரம் ஸ்டேஷன் பாலத்தின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த எல்லா டீக்கடையிலும் டீ குடித்தேன். வீட்டில் என் மனைவி, "குப்பை வண்டிக்காரர் கேக்கறாரு, சார் வீட்ல ஏதாவது பத்திரிகை ஆபீஸ் வெச்சிருக்காங்களான்னு" என்றாள். நாள் நெருங்க நெருங்க பயம் வந்தது. இனிமேல் எதுவுமே எழுத வராதோ என்கிற பயம். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

தேவசகாயம் சார் மாடியேறி வந்தார். கண்ணாடி துடைத்தார். கேள்வி கேட்டார்.

"பெரியம்மா பேச மாட்டேங்கறாங்க சார்" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அவங்களையே போய்ப் பாத்துட்டு வாங்க. இங்கேருந்து பக்கம்தானே" என்றார்.

தனபாக்கியம் அம்மா வீடு செம்பாக்கத்திலேயே உள்தெரு ஒன்றில் கீழ்ப் போர்ஷன். மகன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, மருமகள் பள்ளிக்கூட டீச்சர். பகலில் அம்மா தனியாகத்தான் இருப்பார். நான் போய் பெல் அடித்தேன். பதில் இல்லை. மறுபடியும் அடித்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது, தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சமையலறையில் குக்கர் விசில் போட்டுக்கொண்டே இருந்தது. தெருவுக்கே கேட்கிற சத்தம். அம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி கூடத்தில் உட்கார்ந்து, நிதானமாக முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றேன். திரும்பவில்லை. கிட்டே போய் உரக்கக் கூப்பிட்டேன். கீரை உருவுகிற கை நிற்கவில்லை.

போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவருக்கு எதிரே நின்றேன். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. சமையலறையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது.

எதிரே உட்கார்ந்து, வாயசைவு தெரியும்படி மெதுவாகக் கேட்டேன். "எத்தனை நாளாம்மா?"

"கொஞ்ச நாளாவே. முதல்ல ஒரு காது. இப்ப ரெண்டும்."

"டாக்டர்கிட்ட போலாமே. மிஷின் வெச்சிக்கலாமே."

"காதுல மிஷின் மாட்டின பெரியம்மாவ எந்த டிவில சார் பாத்திருக்கீங்க? தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாங்க. மறதின்னு நெனச்சாலாவது பரிதாபப்பட்டு நாலு நாள் வெச்சிருப்பாங்கன்னு விட்டுட்டேன்." கீரைக் காம்பை ஒடித்து முறத்தில் போட்டார். "எனக்கு மறதியே கிடையாது சார். நாடகத்துல விடிய விடிய பேசியிருக்கேன், ஒரு வரி தப்பினதில்ல. பேப்பரு முன்னாடியே கையில குடுங்க, ஒரே டேக்ல முடிச்சிட்டு வீட்டுக்கு வந்துடறேன். உங்க பேப்பர்தான் மசி காயாம வருதே. அந்தப் பையன் சொல்றத காதுல வாங்கித்தானே சொல்ல வேண்டியிருக்கு, காது எங்க இருக்கு?"

இத்தனை பெரிய நடிகை, செட்டில் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு ஏற்பாட்டினால் வேலையை இழக்கப் போகிறார்.

"எனக்கு சாவு சீன் எழுதறீங்களாமே. மேக்கப்மேன் சொன்னாரு" என்றார் அம்மா. "எழுதுங்க. மேடையில எத்தனையோ தடவை செத்தவதான் நான். ஆனா கொஞ்சம் நீளமா எழுதுங்க சார். இருமிட்டுப் போற மாதிரி எழுதிடாதீங்க. வீட்ல இருந்தா நான் ஒரு கெழவி. அங்க வந்தாதான் மனுஷி."

"எழுத வரலம்மா. அதுக்குத்தான் வந்தேன்."

"எது வரல?"

கிழித்துப் போட்ட வரிகளைச் சொன்னேன். ஆலமரத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "சாகப்போறவ தத்துவமா பேசுவா? எங்க மாமியார் போறப்போ எங்கிட்ட கேட்ட கடைசிக் கேள்வி, மாவு ஆட்டினியான்னு. அவ்ளோதான். ஆட்டிட்டேன் அத்தைன்னேன். கண்ண மூடிட்டாங்க."

பையிலிருந்து தாளை எடுத்து அங்கேயே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். பெரியம்மா கட்டிலில் படுத்திருக்கிறார், தொடர் முழுக்கச் சண்டை போட்ட சின்ன மருமகள் பக்கத்தில் நிற்கிறாள். முதல் வரி: "ஊறுகாய் ஜாடியில ஈரக் கரண்டி போடாத." எழுதி அம்மாவிடம் நீட்டினேன். படித்தார். உதடு அசைந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கீரையை மறந்து, பெரியம்மாவின் குரலில் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "அடுத்தது?" என்றார்.

அடுத்ததை எழுதினேன். "நான் இருந்தா திட்டுவேன். இல்லாட்டி யாரு திட்டுவா உன்ன? நீயே திட்டிக்கோ." வாங்கிப் படித்தார், சொன்னார், "அடுத்தது?" என்றார். பின்கட்டுக் குழாய் ஒழுகுவது, பெரியவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாதது, சின்ன மருமகள் அன்றைக்குச் சாப்பிட்டாளா இல்லையா என்பது, இப்படிப் போனது அந்த சீன். இதற்கு முன்னால் என் வரிக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாம் லைட் வாடகைக்குப் பயந்து காத்திருந்தவர்கள். இந்த அம்மா அந்த வரியைத் தின்பதற்குக் காத்திருந்தார். அப்படி ஒருத்தர் எதிரே உட்கார்ந்திருந்தால் கை எப்படி நிற்கும்? மருமகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மேஜை முழுக்கத் தாள் கிடந்தது. பருப்பு கரைந்து கூழாகியிருந்தது.

தாள்களை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். பிராம்ப்ட்டுக்கு வேறு படி எடுத்துக் கொடுத்தேன்.

ஷூட்டிங் அன்று பையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் வரியை வாசிப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டார். அவன் தாளைப் புரட்டிக்கொண்டு பின்னால் ஓடி, பிறகு ஓடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மருமகள் முகத்தைப் பார்த்து, அவள் உதடு அடங்கியதும் தன் வரியை எடுத்து, ஒரே டேக்கில் முழு சீனும் முடிந்தது. சின்ன மருமகளாக நடித்த பெண் எழுதாத இடத்தில் அழுதாள். தேவசகாயம் சார் கட் சொல்லவில்லை. குணாதான் மெதுவாக, "சார், லைட்டு" என்றான். அவன் குரலும் உடைந்திருந்தது.

அந்தக் காட்சியைப் பார்த்த சேனல்காரர்கள், "இந்தம்மாவ உடனே சாகடிக்க வேணாம், கொஞ்ச நாள் ஐசியூல வைங்க" என்றார்கள். ஒளிபரப்பான வாரம் கணக்கு ஏறியது. பெரியம்மா ஐசியூவிலிருந்து எழுந்து வந்தார். வந்து வருஷக்கணக்கில் மருமகள்களை ஆட்டி வைத்தார். தினத்தொடரில் எமனுக்கும் ரேட்டிங் பார்த்துத்தான் வேலை.

ஆனால் அவர் நிலைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் பேப்பர் முன்னாலேயே போக வேண்டும், காரணமும் வெளியே தெரியக் கூடாது. குணாவிடம் போய்ச் சொன்னேன். "அம்மாவுக்கு ஒரு சென்டிமென்ட்பா. முந்தின நாள் சாயங்காலம் நான் என் கையால வீட்ல கொண்டுபோய்ப் பேப்பர் குடுத்தா அந்த சீன் ஒரே டேக்ல ஓகே ஆவுது." ஒரு நியாயமான காரணம் சொல்லியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பான். சென்டிமென்ட் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. "அப்ப மாத்தவே கூடாது சார். இத்த கண்டினியூ பண்ணிக்கினே இருங்க" என்றான். சேனல் கதையைத் திருப்ப நினைத்தபோதுகூட, பெரியம்மா சீன் பேப்பர் போயாச்சு, அதை மாத்தினா ஆகாது என்று அவனே சண்டை போட்டான். தேவசகாயம் சார் மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனபாக்கியம் அம்மா வீட்டுக்குப் போவேன். அவர் பேப்பரை வாசலிலேயே வாங்கி, நின்றபடியே படித்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுவார். பிடித்திருந்தால் அடை கிடைக்கும், பிடிக்காவிட்டால் வெறும் காபி. "அந்தம்மாவுக்கு எழுதற மாதிரி எனக்கு ஒரு வரி எழுதியிருக்கீங்களா இத்தனை வருஷத்துல" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். மழையில், சேலையூரில் முழங்கால் தண்ணீரில், ஜுரத்தில்கூடப் போயிருக்கிறேன். நான் போகாவிட்டால் மறுநாள் அந்த அம்மா செட்டில் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்க வேண்டும். அதை நினைத்தால் எழுதாமல் இருக்க முடியாது. அவர் சீனை முதலில் எழுதிவிடுவேன், அதன் சூட்டில் மற்ற சீன்களும் வந்துவிடும். பேனா அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ஒரு காது கேளாத நடிகையை நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

எல்லாத் தொடரும் ஒரு நாள் முடியும். எங்களுடையதும் முடிந்தது. கடைசி நாள் பிரியாணி போட்டார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள். திருஷ்டி கழிக்க வாசலில் பூசணிக்காயும் கற்பூரமும் வைத்துக்கொண்டு குணா ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். நான் மேக்கப் அறைக்குப் போனேன். தனபாக்கியம் அம்மா கதவுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்து விக்கிலிருந்து ஊசிகளை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே கண்ணாடி இல்லை, அதை ஏற்கெனவே வண்டியில் ஏற்றியிருந்தார்கள்.

அவருக்குக் கேட்காது என்கிற தைரியத்தில் எனக்கு நானே முணுமுணுத்தேன். "இனிமே யாருக்குன்னு எழுதறது?"

"அதேதான் சார் நானும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார் அம்மா, திரும்பாமலே.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விக்கைக் கழற்றி மடியில் வைத்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்னதாக, தோல் நிறத்தில் மிஷின்.

"எப்பலேர்ந்தும்மா?"

"ஐசியூவுலேர்ந்து வந்தேனே, அந்த தீபாவளிக்குப் பையன் வாங்கிக் குடுத்தான். விக்குக்குள்ள தெரியாது."

"அப்ப பிராம்ப்ட் கேக்குமா?"

"நல்லா கேக்கும். அந்தப் பையன் மூக்கை உறிஞ்சறதுகூட கேக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. மழை, தண்ணீர், ஜுரம் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. "அப்புறம் எதுக்கும்மா என்னை தினம் அலைய விட்டீங்க? சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பேனே."

அம்மா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். விக் இல்லாமல், சின்னக் கொண்டையோடு, ரொம்பவும் சாதாரணமாக இருந்தார்.

"எழுத வரலன்னு அன்னிக்கு என் வீட்ல வந்து உக்காந்தீங்களே, உங்க மூஞ்சிய நீங்க பாக்கல. நான் பாத்தேன்" என்றார். "வேலை போறவ மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார், அப்ப எனக்கே அந்த மூஞ்சிதான். மிஷின் வந்த அன்னிக்கே சொல்லிடலாம்னுதான் வாசல்ல நின்னேன். நீங்க பேப்பரோட வந்தீங்க. சின்னப் பசங்க மாதிரி, நான் படிக்கிற வரைக்கும் என் முகத்தையே பாத்துட்டு நின்னீங்க. எப்படி சார் சொல்லுவேன்?"

வாசலில் குணா எங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டான். அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு போனார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவருக்கு அது கேட்டிருக்கும்.